முதலில் மணியை அடக்கு

கம்ப்யூட்டர் பெட்டி மூன்றாம் தடவை நின்றபோது மில்லின் ஸ்பின்னிங் மாஸ்டர் திரையைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தார்.

"ஏம்மா பாவாயி, காலையில ஷிஃப்ட்டு மாறும்போது இது ஓடுது. ராத்திரி மாறும்போதும் ஓடுது. நீ உக்கார்ற மத்தியானத்துக்கு மட்டும் நின்னு போவுது. நான் என்னன்னு நெனைக்கறது?"

"நீங்க காட்டிக் குடுத்த பட்டனத்தானுங்க அமுக்கறேன். வேற எதையுந் தொடறதில்லீங்க."

"அதத்தான் நானுஞ் சொல்றேன். எழுத்துக் கூட்டிப் படிக்கறவளக் கொண்டாந்து கம்ப்யூட்டர் முன்னால உக்கார வெச்சது என்ற தப்பு. இன்னொருக்கா நின்னுச்சுன்னா நீ டிபார்ட்மெண்டுக்கே போயிரு. அங்க கை ஒத்து வல்லீன்னா ஊட்டுக்குப் போயிரு."

சொல்ல நிறைய இருந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு அசதி. பெட்டி நின்றுவிட்டால் அந்த ஷிஃப்ட்டின் கணக்கு முழுவதும் போய்விடும். ஃப்ரேம் ஃப்ரேமாக நடந்து மீட்டரைப் பார்த்துவந்து சொல்ல வேண்டும். அந்த நடையும் என் தலையில்தான்.

நாற்காலி கிடைத்த விதம்

ராசிபுரத்துக்கு இந்தப் பக்கம், சேலம் ரோட்டை ஒட்டி இருந்த நூல் மில் அது. நான் அங்கே எழுபதுகளில் சைடராகச் சேர்ந்தேன். ரிங் ஃப்ரேம் என்பது நீளமான யந்திரம். அதன் ஒரு பக்கத்துக்கு சைடு என்று பெயர். சைடு முழுக்க நூல் சுற்றும் கதிர்கள் ஓடும். எந்தக் கதிரில் நூல் அறுந்தாலும் ஓடிப்போய் ஒட்ட வேண்டும். அதுதான் சைடர் வேலை. ஷிஃப்ட் முழுக்க நடைதான். ஊருக்குப் பஸ் ஏறி உட்கார்ந்தாலும் கால் நடந்துகொண்டே இருப்பது போலத் தோன்றும்.

நல்ல சைடர் என்று பெயர் வாங்கினேன். இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மாஸ்டரே வெளியாட்களைக் கூட்டிவந்து என் சைடைத்தான் காட்டுவார். பிறகு ஒரு நாள் பெல்ட்டில் கை சிக்கியது. வலது கையில் இரண்டு விரல் மடங்காமல் போயிற்று. மடங்காத விரலை வைத்துக்கொண்டு நூல் ஒட்ட முடியாது. கொஞ்ச காலம் பஞ்சு பொறுக்கினேன், கூட்டினேன். எண்பதுகளின் கடைசியில் மில்லுக்கு கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு மத்தியான ஷிஃப்ட் மாறும்போது பட்டன் அமுக்க ஓர் ஆள் வேண்டும் என்றார்கள். காலையிலும் ராத்திரியும் அமுக்குகிற டைம் ஆபீஸ் ஆளுக்கு அந்த நேரத்தில் கார்டு பார்க்கவே சரியாக இருக்கும். "அந்தக் கை போன பொம்பளைய உக்கார வையுங்க" என்று யாரோ சொன்னார்கள். அப்படித்தான் ஏசி ரூமில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

என்னோடு சைடு ஓட்டிய நல்லம்மாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏம் புள்ள, வெரலு ரெண்டு போனாப் போவுது, மகராணியாயிட்ட போ. எனக்கும் ஒரு பெல்ட்டு பாத்து வையி."

நான் இரண்டு பட்டன்கள் மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி வைத்திருந்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. இங்கிலீஷ் எழுத்து அப்போது எனக்குத் தெரியாது. ஃப்ரேம்களில் நூல் அறுந்தாலும் ஒட்டினாலும் கம்பி வழியாகப் பெட்டிக்கு ஒரு சிக்னல் வரும். பெட்டி எண்ணிக்கொண்டே இருக்கும். ஷிஃப்ட் மாறும் சங்கு ஊதும்போது சிவப்பை அமுக்கினால் எண்ணுகிற புரோகிராம் இடத்தை விட்டு எழுந்துகொள்ளும், அதே இடத்தில் பிரிண்ட் அடிக்கிற புரோகிராம் வந்து உட்காரும். அந்தக் காலத்துப் பெட்டியில் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார இடம் கிடையாது. காகிதம் வந்ததும் பச்சையை அமுக்கினால் எண்ணுகிறவன் திரும்பி வருவான். என் வேலை இவ்வளவுதான். இவ்வளவில்தான் பெட்டி நின்றது. தினமும் நின்றாலாவது ஒரு கணக்கு உண்டு. பத்து நாள் ஓடும், ஒரு நாள் நிற்கும். திரையில் இருந்த எண் அப்படியே உறைந்து போகும், எதை அமுக்கினாலும் அசையாது.

குமரேசன்

பெட்டியைக் கொடுத்த கம்பெனி குமரேசன் என்ற இன்ஜினியரை அனுப்பியது. ஆத்தூர்ப் பக்கத்து ஆள். பேச்சில் எங்கள் இழுவை இருக்காது. பெட்டிக்கு உள்ளே ஓடுவதை எழுதியவர்களில் அவரும் ஒருவர். வார லீவு நாளில், மில் ஓடாதபோது வந்து உட்கார்ந்து சிவப்பும் பச்சையுமாக அமுக்கித் தள்ளினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. யாரு அமுக்கினாலும் ஓடுது. உங்க கையில மட்டும்தான் நிக்குது."

"அப்ப இந்த நாற்காலியில நீங்களே உக்காருங்க சாமி. மத்தியானச் சங்குக்கு நீங்களே அமுக்குங்க. நான் வெளிய நிக்கறேன்."

அவர் உட்கார்ந்தார். நான் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். சில நாள் ஓடியது. பிறகு ஒரு நாள் அவர் கையிலேயே நின்றது. கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. "அப்பாடா" என்று சுவரில் சாய்ந்துகொண்டேன்.

மாஸ்டர் அதற்கும் ஒன்று சொன்னார். "அவ வெளிய நின்னுட்டுக் கம்பிய கிம்பிய இழுத்தாளான்னு யாரு பாத்தா?"

குமரேசனுக்கு அது பிடிக்கவில்லை. "சார், கம்பி இந்தப் பக்கமே வரலை" என்றார். ஆனால் ஏன் நின்றது என்று அவருக்கே தெரியாது.

சங்குக்கு முந்தி

அன்றிலிருந்து அவர் அமுக்குவதை என்னிடமே விட்டுவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். சங்கு ஊதக் கொஞ்ச நேரம் இருக்கும்போது திரையில் சிக்னல் எண் கிடுகிடுவென்று ஏறியது. அவர் நிமிர்ந்தார்.

"அக்கா, இப்ப ஏன் இவ்வளவு சிக்னல்? ஷிஃப்ட் முடியப் போவுதே, எல்லாரும் கிளம்பற நேரமாச்சே?"

எனக்கு அவர் கேள்வி விளங்கவில்லை. சூரியன் ஏன் மேற்கே இறங்குகிறது என்று கேட்பது போல இருந்தது. "சைடு ஒப்படைக்கோணுமில்லீங்க?" என்றேன்.

எங்கள் மில்லில் காலை ஷிஃப்ட்டிலும் பெண்கள், மத்தியான ஷிஃப்ட்டிலும் பெண்கள். இரவு ஆண்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் சைடைக் கொடுக்கும்போது ஒரு கதிரில்கூட நூல் அறுந்து இருக்கக்கூடாது. யாரும் போட்ட சட்டம் இல்லை. அறுந்த சைடைக் கொடுத்துவிட்டுப் போனவளுக்கு பஸ் ஸ்டாப் வரைக்கும் பேச்சு விழும். அதனால் சங்குக்கு முந்திய நேரத்தில் எல்லாரும் பறந்து பறந்து ஒட்டுவார்கள். வேண்டுமென்றே பலவீனமான நூலை அறுத்து, திரும்ப ஒட்டி, உறுதி பார்த்து வைப்பதும் உண்டு. சங்கு ஊதின பிறகும் கை நிற்காது. வருகிறவள் வந்து சைடைப் பார்த்துத் தலையாட்டும் வரைக்கும் ஒட்டுவார்கள்.

குமரேசனுக்குக் காட்டக் கூட்டிப்போனேன். நல்லம்மாள் அப்போது ஒரு கதிரில் குனிந்திருந்தாள். யந்திரச் சத்தத்துக்கு மேல் குமரேசன் கத்திக் கேட்டார்.

"ராத்திரி ஆளுங்களுக்கும் இப்படித்தான் குடுப்பீங்களா?"

"ஆம்பளைங்களுக்கா?" நல்லம்மாள் நிமிராமலே சிரித்தாள். "அவியளுக்கு எவ சுத்தம் பண்ணிக் குடுப்பா? காலையில அவிய எங்களுக்குக் குடுக்கறதப் பாத்தீங்கன்னா அழுதிருவீங்க. சங்கு ஊதறதுக்குள்ள சைக்கிள்ல உக்காந்திருப்பாங்க."

திரும்பி வந்த குமரேசன் செருப்பைக் கழற்ற மறந்து ரூமுக்குள் போய், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "மத்தியானம் மட்டும்தான் இத்தனை சிக்னல். காலி மில்லுல வெச்சு டெஸ்ட் பண்ணிட்டு ஓடுது ஓடுதுன்னு சொல்லியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பலகையும் ஆளும்

நிற்பது எதனால் என்று அவர் எனக்குச் சொன்னார். நான் திரும்பத் திரும்பக் கேட்டதால் சொன்னார். எனக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறேன்.

பெட்டிக்குள் கெர்னல் என்று ஒன்று. நம்ம மேஸ்திரி மாதிரி. எல்லாருக்கும் இடம் கொடுப்பதும் அவர், யாரை எப்போது கூப்பிடுவது என்பதும் அவர். வெளியிலிருந்து சிக்னல் வருவதற்கு இன்டரப்ட் என்று பேர், மணி அடிப்பது போல. மேஸ்திரியிடம் ஒரு பலகை இருக்கும். இந்த மணி அடித்தால் இந்த ஆள், அவன் இன்ன இடத்தில் இருக்கிறான் என்று அதில் எழுதியிருக்கும். ஓடிவருகிற ஆளுக்கு ஹேண்ட்லர் என்று பேர். அந்த ஆள், வெளிக்கம்பியைக் கவனிக்கிற டிரைவர் என்ற துணைப் புரோகிராமுக்குள் இருப்பான். எண்ணுகிற புரோகிராமில் அந்த டிரைவரும் சேர்த்தி.

"நீங்க சிவப்பை அமுக்கினதும் என்ன ஆவுதுன்னா அக்கா, எண்ணுறவன் இடத்தை விட்டு எழுந்திரிச்சுடறான். பலகையில அவன் பேரு அப்படியே இருக்கு. பிரிண்டு அடிக்கறவன் அந்த இடத்துல வந்து உக்கார்றான். அந்தச் சந்துல ஒரு மணி அடிச்சா கெர்னல் பலகையப் பாத்துட்டு அதே இடத்துக்கு ஓடுவாரு. அங்க வேற ஆளு. அவனுக்கு மணியைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எல்லாம் கொழம்பி நின்னுடும்."

"போறவன் பலகையில பேர அடிச்சுட்டுப் போவோணும்னு நீங்க எழுதலியா?"

"எழுதியிருக்கேன். கடைசியில எழுதியிருக்கேன். எழுந்துக்கறது முதல்ல, பேரை அடிக்கறது அப்புறம். நடுவுல கண் இமைக்கற நேரங்கூட இல்லைன்னு நெனைச்சேன்."

கண் இமைக்கிற நேரத்தில் எங்கள் பெண்கள் எத்தனை நூல் ஒட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். எங்களுக்கும் அவருடைய பலகை தெரியாதுதானே.

மாஸ்டரின் வைத்தியம்

குமரேசன் மாஸ்டரிடம் போய் விஷயத்தைச் சொன்னார். மாஸ்டருக்கு வழி உடனே தோன்றிவிட்டது. "இம்புட்டுத்தானா? சங்குக்கு முந்தி எவளும் நூலத் தொடக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுடறேன்."

போட்டார். பெட்டி நிற்கவில்லை. ஆனால் டிபார்ட்மெண்ட் நாறிவிட்டது. அறுந்த நூல் ரோலரில் சுற்றிச் சுற்றி மொத்தையாகிவிடும். வருகிறவள் அதைப் பிய்த்துப் பிய்த்துச் சங்கு ஊதின பிறகும் பாதி நேரம் மல்லுக்கட்டுவாள். அதைவிட மோசம், பேச்சு. ஒரே பஸ்ஸில் வருகிறவர்கள் ஒருவரோடு ஒருவர் முகம் கொடுக்கவில்லை. நல்லம்மாள் ஏசி ரூம் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க தம்பி, நேத்து வந்த பொட்டி நோவாம இருக்கோணும்னு நான் அறுந்த சைட வர்றவ தலையில கட்டிட்டுப் போவோணுமா? எம்பட வயசுல நான் அப்புடி ஒருத்தி வாயில உழுந்ததில்ல." பிறகு என்னைப் பார்த்தாள். "நீயும் ஒரு சைடு ஓட்டுனவதான. உன்ற நாற்காலி ஆடாம இருந்தாப் போதுமாக்கும்."

அந்தச் சொல் என்னைச் சுட்டது. உண்மைதான், பெட்டி நிற்காதவரைக்கும் என் நாற்காலிக்கு ஒன்றும் இல்லை. நான் சும்மா இருந்தாலே போதும். ஆனால் என் நாற்காலி நிலைப்பதற்காகத் தன் சைடைக் கெடுத்துக்கொள் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. குமரேசனிடம் சொன்னேன்: "சாமி, பொம்பளைங்க கைய நிறுத்தறது வைத்தியம் இல்லீங்க. பொட்டியச் சரி பண்ணுங்க."

"பண்ணத்தான் போறேன் அக்கா. இது என் பொட்டி. எனக்கே இது அசிங்கம்."

இரண்டு தடவை திருத்தியது

முதல் திருத்தத்தில் வரிசையை மாற்றினார். எழுந்துகொள்வதற்கு முன்னாலேயே பலகையில் பேரை அடித்துவிடுவது. மாஸ்டரிடம் கெஞ்சி, பெண்கள் பழையபடி ஒட்டலாம் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். இனி நின்றால் பாவாயி வெளியே, பொட்டியும் வெளியே என்று மாஸ்டர் சொல்லித்தான் ஒத்துக்கொண்டார்.

நின்றது. அந்த வாரமே.

நான் எழுந்து என் சோற்றுப் போசியை எடுத்துப் பைக்குள் வைத்தேன். குமரேசன், "ஒரு நிமிஷம் இருங்க அக்கா, இருங்க" என்றார். திரும்ப உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவர் சிவப்புப் பட்டனையும் தான் எழுதிவைத்திருந்த காகிதத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"பேரை அடிச்சுட்டேன். மணியை நிறுத்தலை. மணி அடிச்சுக்கிட்டே இருக்கு, பலகையில ஆள் இல்லை. வந்து பாத்து மணியை அமத்த ஒருத்தரும் இல்லாததால அது ஓயவே இல்லை. கெர்னல் அங்கேயே நின்னு பாத்துக்கிட்டிருக்காரு, வேற ஒரு வேலையும் நடக்கலை."

மாஸ்டர் வந்தார். குமரேசன் எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "சார், இது என் தப்பு. அக்கா தப்பு எதுவுமே இல்லை. இன்னும் ரெண்டு நாள் குடுங்க. நின்னா நானே பொட்டியைத் தூக்கிட்டுப் போறேன்." ஒரு படித்த பிள்ளை மாஸ்டர் முன்னால் அப்படிச் சொல்லி நான் பார்த்ததில்லை. மாஸ்டர் இரண்டு நாள் கொடுத்தார்.

இரண்டாம் திருத்தம் இது. இதை மட்டும் நான் மனப்பாடமாக வைத்திருக்கிறேன். முதலில் மணியை அடக்கு. கையில் பாதி வேலையோடு இருக்கிற ஆள் அதை முடிக்கட்டும், பொறு. பிறகு பலகையில் பேரை அடி. அதற்கப்புறம் இடத்தைக் கொடு. திரும்ப வரும்போது எல்லாம் தலைகீழ். ஆள் வந்து உட்கார்ந்து, தனக்கு வேண்டியதை எல்லாம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும். பிறகு பலகையில் பேரை எழுது. கடைசியாகத்தான் மணியைத் திற. முன்னே திறந்தால், ஆள் வேட்டி கட்டுவதற்குள் கூப்பிட்டது போலாகும். இந்த வேட்டிப் பேச்சு குமரேசன் சொன்னது அல்ல, நான் சொன்னது. அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

கேட்ட கேள்வி

அதை எழுதி முடித்த மத்தியானம் குமரேசன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, இந்த வரிசை எல்லாத்தையும் புரோகிராமுக்குள்ளயே வெச்சுட்டேன். கடிகாரத்தைப் பாத்து அதுவே மாத்திக்கும். மூணு ஷிஃப்டுக்கும். பட்டன் அமுக்க ஆள் வேண்டாம்."

எனக்குப் புரிந்தது.

"ஆனா ஒண்ணு செய்யலாம்" என்றார். "மணியை அடக்கற படியை மட்டும் வெளியில ஒரு சுவிட்ச்சா விட்டுடறேன். அது இல்லாம மாறாதுன்னு மாஸ்டர்கிட்ட சொல்லிடறேன். நீங்க இங்கயே இருக்கலாம். யாருக்கும் தெரியாது."

நல்ல பிள்ளை. அந்தப் பேச்சுக்காகவே இன்றைக்கும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நினைப்பேன். நான் யோசித்தேன். வெயில் கண்ணாடி மேல் விழுந்து ஏசியைத் தோற்கடித்துக்கொண்டிருந்தது. பஞ்சு பொறுக்கிய நாட்களில் இருமிய இருமல் ஞாபகம் வந்தது. அங்கே திரும்பிப் போக எனக்கு ஆசை இல்லை, யாருக்கு இருக்கும்? ஆனால் சுவிட்ச்சை விட்டால் என்ன ஆகும்? நான் லீவு போட்ட நாளில் வேறு ஒருத்தன் உட்காருவான். மறந்துவிடுவான். பெட்டி நிற்கும்.

"வேண்டாங்க சாமி. என்னிக்காவது ஒருத்தன் மறந்துருவான். நின்னுச்சுன்னா எம்பேரத்தான் சொல்லுவாங்க. இத்தன நாளு பட்டது போதும். முழுசா எழுதிருங்க."

"உங்களை எங்க போடுவாங்க?"

"எங்கியாவது போடுவாங்க. நீங்க மாஸ்டர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. நின்னது எம்பட கையால இல்லைன்னு டிபார்ட்மெண்டுல எல்லாருக்கும் கேக்கறாப்பல சொல்லச் சொல்லுங்க. சைடுக்காரிங்க முன்னால."

மாஸ்டர் சொன்னார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்தப் பொட்டி விஷயத்துல பாவாயி மேல ஒண்ணுமில்ல, எல்லாருங் கேட்டுக்கங்க" என்று சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. யந்திரச் சத்தத்தில் பாதிப் பேருக்குக் கேட்கவும் இல்லை. கேட்டவர்கள் கேட்காதவர்களுக்குச் சொன்னார்கள். நல்லம்மாள் சத்தம் போட்டுச் சொன்னாள்.

பெட்டி அதன் பிறகு நிற்கவில்லை. பெண்கள் சங்குக்கு முந்தியும் பிந்தியும் பறந்து பறந்து ஒட்டினார்கள், அது பாட்டுக்கு மணியை அடக்கி, ஆளை மாற்றி, மணியைத் திறந்துகொண்டிருந்தது. நாற்காலி ஸ்டோருக்குப் போயிற்று. நான் கழிவுப் பஞ்சு பிரிக்கிற வேஸ்ட் பிரிவுக்குப் போய், வேலையை விடும் வரைக்கும் அங்கேயே இருந்தேன். இருமல் திரும்ப வந்தது. அதைச் சொல்லி என்ன.

கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இதைப் படிப்பார்கள், எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள், அதனால் எழுதினேன். வரிசையை மேலே எழுதியிருக்கிறேன், அதை மறக்காதீர்கள். இன்னொன்றும் எனக்குத் தெரியும். வேலை அரைகுறையாக இருக்கும் வரைக்கும் உங்களைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். சரியாக முடிந்துவிட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள். அதைத்தான் நல்ல பேர் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அதைப் பழகிக்கொள்ள ரொம்ப காலம் ஆயிற்று.